வெகுமதி எது என்று நாய் சொல்லட்டும்

வாசலில் சங்கிலியைப் பூட்டி, மிஞ்சிய சோற்றை ஒரு தட்டில் போட்டு, அந்நியர் வந்தால் குரைத்தால் போதும் என்று நாய் வளர்த்த காலம் நம் நாட்டில் இன்னும் முற்றிலும் கழிந்துவிடவில்லை. ஆயினும், அடுக்குமாடி வீடுகளில் ஒரே கூடத்தில் மனிதரோடு மனிதராக நாயும் வசிக்கத் தொடங்கிய பிறகு, அதற்கு ஒழுங்கு கற்பிக்க வேண்டிய அவசியமும், அந்த ஒழுங்கை அடியும் அதட்டலும் இல்லாமல் கற்பிக்க இயலுமா என்ற விசாரமும் பல குடும்பங்களில் எழுந்திருக்கின்றன. அந்த விசாரத்தோடு வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்கள் விற்கும் கடைக்குள் நுழைகிறவரை, ஈரல் பிஸ்கட், கோழிக் குச்சி, முடிச்சுப் போட்ட தோல் எலும்பு, இமயமலைப் பாற்கட்டி, ரப்பர்க் கூம்பு, தின்பண்டம் ஒளித்துவைக்கும் பலகை என்று அலமாரி அலமாரியாக அடுக்கிய சரக்குகள் எதிர்கொள்கின்றன. எதை வாங்குவது என்று தெரியாமல், விலை அதிகமானது நல்லதாகத்தான் இருக்கும் என்று அனுமானித்து, பையை நிரப்பிக்கொண்டு திரும்புகிறவர்களே அநேகர்.

இந்தச் சரக்குகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும். தின்பண்டம் பாடம் கற்பிக்கும் வேளைக்கு உரியது. மெல்லுபொருள் பல்லுக்கும் தாடைக்கும் இயற்கையாக உள்ள வேட்கையைத் தணிப்பதற்கு உரியது. விளையாட்டுப் பொருள் மூக்குக்கும் மூளைக்கும் வேலை கொடுப்பதற்கு உரியது. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைப்பதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் விளைகின்றன. ஆனால், ஒவ்வொரு வகையிலும் எந்தப் பொருள் உகந்தது என்பதைக் கடைக்காரரோ, விளம்பரமோ, யஜமானரின் ஆசையோ நிர்ணயிக்க முடியாது. அதை நிர்ணயிக்கும் அதிகாரம் அந்தப் பொருளைத் தின்னப் போகிற, கடிக்கப் போகிற, உருட்டப் போகிற நாய்க்கே உண்டு.

விஞ்ஞானம் வந்த வழி

அடித்துப் பழக்குவதே பயிற்சி என்ற நம்பிக்கைக்கு நூல் வடிவமும் இருந்தது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-இல் வெளியிட்ட கையேடு, பிற்காலத்து ராணுவப் பயிற்சிகள் பலவற்றுக்கு ஆதாரமாக அமைந்தது. அதில் பலவந்தத்துக்குப் பெரிய இடம் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1898-இல், அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் என்னும் மனோதத்துவ அறிஞர், பூனைகளையும் நாய்களையும் தாழ்ப்பாள் வைத்த பெட்டிகளில் அடைத்து, அவை வெளியேறக் கற்றுக்கொள்ளும் விதத்தைப் பரிசோதித்து, திருப்தியில் முடிகிற செய்கை மீண்டும் மீண்டும் நிகழும் என்ற கொள்கைக்கு அடித்தளம் இட்டிருந்தார். ஜீரண சக்தியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவுக்கு முன்னறிவிப்பாக ஒலிக்கும் ஒரு சப்தமே நாளடைவில் நாயின் வாயில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் என்று காட்டினார்.

இவ்விரண்டு உண்மைகளையும் பயிற்சிக் களத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பி. எஃப். ஸ்கின்னர். 1951-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் பிராணிகளுக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, சிறுவர்கள் விரலால் அழுத்தி 'டிக்' என்று ஒலிக்கச் செய்யும் சிறிய விளையாட்டுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நாய் சரியான காரியத்தைச் செய்யும் அதே கணத்தில் அதை ஒலித்து, உடனே உணவைக் கொடுக்கும்படி சாதாரண மக்களுக்கு யோசனை சொன்னது. அவருடைய மாணவர்களான கெல்லர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும் இம்முறையையே தொழிலாகக் கொண்டு பலவகைப் பிராணிகளைப் பழக்கினார்கள். சவுக்கையும் சங்கிலியையும் காட்டி டால்ஃபினைப் பணியவைக்க முடியாது என்பதால், ஹவாயித் தீவில் வெகுமதியை மட்டுமே நம்பி டால்ஃபின்களைப் பழக்கிய காரென் பிரையர், 1984-இல் எழுதிய 'டோன்ட் ஷூட் தி டாக்' என்னும் புத்தகத்தின் வாயிலாக இந்த ஞானத்தை நாய் வளர்ப்பவர்களின் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தார். இன்று 'கிளிக்கர்' என்று கடைகளில் விற்கும் சிறு பெட்டி, ஸ்கின்னர் சொன்ன அந்த விளையாட்டுக் கருவியின் வாரிசுதான்.

தண்டனை முறையால் நாய்க்கு நேரும் மனக்கலக்கமும் ஆராயப்பட்டிருக்கிறது. போர்ச்சுகல் தேசத்தில் வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளிலிருந்து 92 வீட்டு நாய்களைக் கவனித்து, 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தண்டனை மிகுந்த பள்ளிகளின் நாய்களிடம் உதடு நக்குதல், கொட்டாவி விடுதல், உடல் குறுகுதல் முதலிய கலவரக் குறிகள் அதிகமாகக் காணப்பட்டன. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு ஏறும் அளவும் கூடுதலாக இருந்தது.

கற்பிக்கும் கவளம்

வெகுமதி முறையைக் கேலி செய்கிறவர்கள், 'தின்பதற்குக் கொடுத்தால்தான் சொன்னபடி கேட்கும் என்றால் அது லஞ்சம் அல்லவா?' என்று கேட்பதுண்டு. வேலை முடிந்த பின் கையில் வைக்கும் கூலிக்கும், வேலையைச் செய்யும்படி முன்கூட்டியே காட்டி மயக்கும் கைக்கூலிக்கும் உள்ள வித்தியாசமே இதற்குப் பதில். தின்பண்டத்தை மூக்கின் முன் ஆட்டிக்கொண்டு 'உட்கார், உட்கார்' என்று கெஞ்சுகிறவர், தின்பண்டம் கண்ணில் பட்டால் மட்டும் உட்காரவேண்டும் என்று நாய்க்குக் கற்பிக்கிறார். தொடக்கத்தில் இரண்டொரு முறை அவ்விதம் கையால் வழிகாட்டுவதில் தவறில்லை. அதன்பின் கை வெறுமையாக இருக்கவேண்டும், தின்பண்டம் இடுப்பில் கட்டிய பையிலோ மேஜைமீதோ இருக்கவேண்டும், நாய் உட்கார்ந்த பிறகே அது வெளிப்படவேண்டும். நம் வீடுகளில் 'சிட்', 'கம்' என்று ஆங்கிலத்தில் சொல்வதும் உண்டு, 'உட்கார்', 'வா' என்று தமிழில் சொல்வதும் உண்டு. எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் போதும், பாஷையைப் பற்றி நாய்க்குப் பேதம் இல்லை.

கூலி வந்து சேரும் வேகம் முக்கியமானது. நாய் உட்கார்ந்து, பின் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு நம்மேல் தாவும் சமயத்தில் தின்பண்டம் வாயில் விழுந்தால், தாவியதற்கே அது பரிசாகிவிடும். சரியான செய்கைக்கும் பரிசுக்கும் நடுவே ஓரிரு விநாடிக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. விழும்போலிருந்தால் அந்த இடைவெளியை நிரப்பவே கிளிக்கரின் ஒலியோ, 'சபாஷ்' என்ற ஒரு குறுகிய சொல்லோ பயன்படுகிறது. இந்த அவசரத்திலிருந்துதான் நல்ல தின்பண்டத்தின் லட்சணங்கள் யாவும் பிறக்கின்றன. அது பட்டாணியளவுக்கு மேற்படாததாக, சின்ன நாய்க்கு அதிலும் பாதியாக இருக்கவேண்டும்; மென்று கொண்டிருக்கத் தேவையில்லாமல் உடனே விழுங்கத்தக்க மென்மையோடு இருக்கவேண்டும்; கையில் உதிர்ந்து தரையெங்கும் சிதறாததாக இருக்கவேண்டும்; ஏனென்றால், சிதறிய துகள்களை நக்குவதில் ஈடுபட்ட நாய் பாடத்தை மறந்துவிடும். கடினமான பெரிய பிஸ்கட் பல நாய்களுக்குப் பிரியமானதே என்றாலும், பாட வேளைக்கு அது பிரயோஜனப்படாததற்குக் காரணம் இதுதான்.

பண்டத்தின் வாசனையும் கருதத்தக்கது. மனிதனின் நாவில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் சுவை மொட்டுகள் இருக்க, நாயின் நாவில் இருப்பவை சுமார் 1,700 என்பார்கள். அந்தக் குறையை ஈடுசெய்யும் வண்ணம் அதன் நாசியில் வாசனையை உணரும் உறுப்புகள் கோடிக்கணக்கில் அமைந்திருக்கின்றன. நம் கண்ணுக்கு அழகாக எலும்பு வடிவிலும் இதய வடிவிலும் வார்த்த வண்ண பிஸ்கட்டைவிட, வேகவைத்த கோழி ஈரலின் சிறு துணுக்கு அதன் கவனத்தை ஈர்ப்பது இதனால்தான்.

எல்லா வேலைக்கும் ஒரே கூலி நியாயமாகாது. சந்தடியற்ற கூடத்தில் உட்காருவதற்கு, தினசரி உணவிலிருந்தே எடுத்த ஒரு மணி போதும். தெருமுனையில் நான்கு நாய்கள் உறுமிக்கொண்டு நிற்கையில், அவற்றை விட்டுவிட்டுக் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வருவதற்கு, கோழியோ, ஈரலோ, பன்னீரோ, அதற்கு எது உச்சமான பிரியமோ அதைக் கொடுத்தால்தான் தகும். அந்த உச்சமான பண்டத்தை அன்றாடம் இறைத்துவிட்டால், உண்மையான அவசரத்தில் கொடுப்பதற்கு உயர்ந்தது ஒன்றும் மிஞ்சாது. எது உச்சம் என்று அறிய எளிய உபாயம் உண்டு: இரண்டு பண்டங்களைச் சிறிது இடைவெளி விட்டுத் தரையில் வைத்து, நாய் எதை முதலில் எடுக்கிறது என்று இடம் மாற்றி மாற்றிச் சில தடவை பார்த்தால், அதன் விருப்பத்தின் வரிசை தானாகவே வெளிப்படும்.

வெகுமதி என்றால் தின்பண்டம் மட்டுமே என்று நினைப்பதும் சரியல்ல. முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் நாட்டு வேட்டை நாய்களில் சில, கையிலுள்ள இறைச்சியை முகர்ந்துவிட்டு, தூரத்தில் அசையும் காகிதத்தின் பின்னே ஓடுவதைக் காணலாம். அவற்றுக்கு நீண்ட கழியின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் துணியைக் கட்டித் தரையோடு தரையாக இழுத்து, சொன்ன சொல்லுக்கு நின்றால் துரத்தவிடுவதே பெரும் பரிசு. உலாவப் போகையில், சங்கிலியை இழுக்காமல் நாலடி நடந்ததற்காக ஒரு புதரை ஆசை தீர முகரவிடுவதும் பரிசுதான். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுக்களையில் உள்ளதும் ஆகாததும்

பாடத்துக்குக் கொடுக்கும் துணுக்குகள் சிறியவையானாலும் கூட்டிப் பார்த்தால் ஓர் ஆகாரம் ஆகிவிடும். நாளொன்றுக்குத் தேவையான சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டத்தால் வரலாகாது என்பது மிருக வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. பத்துக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 630 கிலோகலோரி போதும் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பத்தில் ஒன்று 63. தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் சுமார் 165 கிலோகலோரி இருப்பதால், ஏறக்குறைய 38 கிராம் கறி அந்த வரம்புக்குள் அடங்கும். அரை கிராம் துணுக்குகளாக நறுக்கினால் எழுபதுக்கு மேற்பட்ட பரிசுகள் கிடைக்கும். அதே 63-ஐ தேநீர்க் கடையில் தெரு நாய்களுக்கு அன்போடு போடுகிறோமே, அந்த குளுக்கோஸ் பிஸ்கட்டில் கழித்தால், மூன்று பிஸ்கட்டில் கணக்கு முடிந்துவிடும். எந்தப் பண்டம் நல்லது என்ற கேள்வியோடு எத்தனை சிறிதாக நறுக்கலாம் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது இதனால் அவசியமாகிறது. தொந்தி விழத் தொடங்கிய நாய்க்குக் காரட், வெள்ளரி, வேகவைத்த பீன்ஸ் இவற்றின் துண்டுகளையே பரிசாக்கலாம். விதை நீக்கிய தர்ப்பூசணியும் பப்பாளியும் பல நாய்களுக்குப் பிரியமானவை.

அரிசியும் இட்டலியும் நாய்க்கு ஆகுமா என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. மாச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்காகப் பெருகியிருக்கிறது என்று 2013-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். மனிதனின் அடுப்பங்கரை ஓரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்ததன் அடையாளம் அது. ஆகவே இட்டலித் துண்டு ஆகாத பொருளன்று; வாசனை குறைந்திருப்பதால் கடினமான பாடத்துக்குப் போதாது, அவ்வளவே. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அதைவிட மேலானது. ஈரலைப் பரிசாகக் கொடுப்பவர்கள், அதில் உயிர்ச்சத்து 'ஏ' மிகுந்திருப்பதால் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கருவாட்டின் மணத்துக்கு மயங்காத நாய் அபூர்வம். அதிலுள்ள உப்புதான் விரோதி. உப்பிடாமல் காயவைத்த நெத்திலி கிடைத்தால், அதன் ஒரு துண்டு உச்சமான கூலியாக நிற்கும்.

பிரியத்தினால் நாம் கொடுப்பவற்றில் சில விஷமாகவே முடியும். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுவதால், அது இருதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. திராட்சை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. பண்டிகை நாளில் பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சையை நினைவில் கொள்ளவேண்டும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; ஆகையால் குழம்பிலிருந்து எடுத்த கறித்துண்டைக் கழுவிக் கொடுப்பதைவிட, தாளிப்பதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியாக வேகவைத்து எடுத்துவைப்பதே உத்தமம். சர்க்கரை சேராத சூயிங்கத்திலும், நீரிழிவுக்காரர்களுக்கென்று விற்கும் சில இனிப்புகளிலும், சிலவகை வேர்க்கடலை வெண்ணெயிலும் இருக்கும் சைலிட்டால், மனிதனுக்குத் தீங்கற்றது, நாய்க்கோ சில நிமிஷங்களிலேயே ரத்தச் சர்க்கரையைச் சரியச் செய்து கல்லீரலையும் கெடுக்க வல்லது. மாங்கொட்டையும் மக்காச்சோளத் தக்கையும் விஷமல்ல. ஆனால் விழுங்கினால் குடலில் சிக்கி, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

கடிப்பதற்கென்று ஒரு பொருள்

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். முந்தையவை விழுந்து பிந்தையவை முளைக்கும் காலம் பெரும்பாலும் நான்காம் மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை நீடிக்கிறது. செருப்பும் நாற்காலிக் காலும் மின்சாரக் கம்பியும் சேதமாவது அப்போதுதான். அதற்குத் தண்டனை அளிப்பது ஈறு நமைச்சலுக்குத் தண்டனை அளிப்பதற்கு ஒப்பாகும். வளர்ந்த பிறகும் கடிப்பது நாயின் சுபாவமாகவே இருக்கிறது. அது பொழுதைக் கழிக்கும் வழி, கிளர்ந்த மனம் அடங்கும் வழி. ஆகவே செருப்பை உயரத்தில் வைத்துவிட்டு, கடிக்கத்தக்கதைக் கீழே வைப்பதே அறிவுடைமை. மெல்லுபொருளைப் பாடத்துக்குப் பரிசாகக் கொடுப்பது வீண். அதை வாயில் வாங்கிய நாய் அரைமணி நேரத்துக்கு நம் பக்கம் திரும்பாது. விருந்தினர் வந்திருக்கையில், பயிற்சி முடிந்து களைத்திருக்கையில், அமைதியாக ஓரிடத்தில் படுத்திருக்கப் பழக்குகையில், அது அருமையான துணை.

கடினம் அதிகமானால் நெடுநாள் உழைக்கும் என்று நினைத்து, கல் போன்ற பொருள்களை வாங்குவது இங்கே மிகச் சாதாரணமாக நேரும் பிழை. மேல் தாடையில் இருபுறமும் இறைச்சியை வெட்டுவதற்கென அமைந்த பெரிய கடைவாய்ப் பல், அத்தகைய பொருள்களில் மோதிப் பக்கவாட்டில் பிளந்துபோவதை மிருகப் பல் வைத்தியர்கள் அடிக்கடி காண்கிறார்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதேனும் குழி விழவேண்டும். அல்லது நம் முழங்கால் சில்லில் தட்டினால் வலிக்காமல் இருக்கவேண்டும். இந்தச் சோதனையில் தேறாதவை மாட்டுக் குளம்பு, கெட்டியான நைலான் எலும்பு, மான் கொம்பு ஆகியவை. மான் கொம்பை விலக்க நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு: புள்ளிமான், கடமான் கொம்புகளின் வியாபாரம் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் தடைக்கு உட்பட்டது.

நேபாளம், சிக்கிம் பகுதிகளில் பாலிலிருந்து செய்து, புகையில் உலர்த்தி, மனிதரும் மென்று தின்னும் சுர்ப்பி என்னும் பாற்கட்டி, இப்போது நாய்களின் பண்டமாகவும் விற்கிறது. உட்பொருளில் குறை சொல்ல இடமில்லை. கடினத்தில்தான் ஜாக்கிரதை தேவை, அதிலும் வலுவாகக் கடிக்கும் நாய்களுக்கு. தேய்ந்து சிறிதான கடைசித் துண்டைப் பிடுங்கி, மைக்ரோவேவ் அடுப்பில் பொரியவைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம். முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு என்று நாம் பார்ப்பது பதப்படுத்தாத தோல். மாட்டுத் தோலின் உட்புறத்தை ரசாயனங்களால் வெளுத்து, முறுக்கி உலர்த்தியது அது. பெரிய துண்டாக விழுங்கினால் தொண்டையை அடைக்கலாம், வயிற்றில் ஊறிப் பருத்துக் குடலையும் அடைக்கக்கூடும். பிரியாணித் தட்டில் மிஞ்சும் எலும்பு அதைவிடக் கேடானது; வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். உலர்த்திய இறைச்சிப் பட்டைகளை வாங்கும்போது எங்கே செய்தது என்று பார்ப்பதும் நல்லது: சீனாவிலிருந்து வந்த அத்தகைய கோழிப் பண்டங்களைத் தின்ற நாய்கள் நோயுற்றது குறித்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் பலமுறை எச்சரிக்கை விடுத்தது, நீண்ட ஆராய்ச்சிக்குப் பின்னும் காரணம் தெளிவாகப் பிடிபடவில்லை.

பின் எதைத்தான் கொடுப்பது? நகத்துக்கு இணங்கும் கெட்டி ரப்பர், நாயின் வாயைவிடப் பெரியதாக. பல் முளைக்கும் குட்டிக்கு, நனைத்து முறுக்கிக் குளிரூட்டிய பழந்துணி, நாம் எதிரில் இருக்கையில் மட்டும். பல் சுத்தத்துக்கென விற்கும் மென்மையான குச்சிகளில், வி.ஓ.எச்.சி. என்னும் மிருகப் பல் ஆரோக்கியக் குழுவின் முத்திரை பெற்றவை. எதைக் கொடுத்தாலும் கண்பார்வையில் கொடுக்கவேண்டும். கடைசித் துண்டைத் திரும்பப் பெற வேண்டியிருந்தால் பிடுங்காமல், கோழித் துணுக்கு ஒன்றைக் காட்டிப் பண்டமாற்றுச் செய்துகொள்ளவேண்டும். பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கிய நாய், நாளைக்கு வாயில் ஒன்று இருக்கையில் அருகே வரும் குழந்தையை நோக்கி உறுமக் கற்றுக்கொள்ளும். ஒரே வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறையில் கொடுப்பதே சமாதானத்துக்கு வழி. மழைக்காலத்து ஈரத்தில் மிஞ்சிய துண்டுகள் பூஞ்சை பிடித்துவிடுமாதலால், அவற்றைக் குளிர்பெட்டியில் வைப்பதும் அவசியம்.

மூக்குக்கும் மூளைக்கும் வேலை

தட்டில் கிடக்கும் உணவை இரண்டு நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, எஞ்சிய பகல் முழுவதும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கிடக்கும் நாய், மெத்தையைக் கிழிப்பதிலோ, மாடியிலிருந்து போவோர் வருவோரைப் பார்த்துக் குரைப்பதிலோ தன் தொழிலைத் தேடிக்கொள்கிறது. 1963-இல் கிளென் ஜென்சன் என்ற ஆராய்ச்சியாளர், பக்கத்திலேயே கிண்ணம் நிறைய உணவு இருந்தும், எலிகளில் பல நெம்புகோலை அழுத்தி உழைத்து உணவு பெறுவதைக் கண்டார். தேடிப் பெறுவதில் பிராணிகளுக்கு ஒரு சுகம் உண்டு என்பதை இது சுட்டுகிறது. நாய்களில் அந்தச் சுகம் எவ்வளவு என்பது நாய்க்கு நாய் மாறுபடும்.

இந்த வகைப் பொருள்களில் உலகப் பிரசித்தி பெற்றது 'காங்' என்னும் ரப்பர்க் கூம்பு. கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தம் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய், ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பழுது பார்க்கையில் கழற்றிப்போட்ட ரப்பர்ப் பாகத்தை ஆசையோடு கவ்வியதைக் கண்டு, 1970-களில் அதை உருவாக்கினார். வண்டிப் பாகத்தைப் பொம்மையாகத் தேர்ந்தெடுத்தது நாய்; மார்க்கம் செய்தது அதைக் கவனித்ததுதான். ஸ்வீடன் நாட்டு நினா ஓட்டோசன், மூடிகளை நகர்த்தியும் தட்டுகளைச் சுழற்றியும் உள்ளிருக்கும் தின்பண்டத்தை எடுக்கும் புதிர்ப் பலகைகளை வடிவமைத்துப் பெயர் பெற்றார். துணிக் கீற்றுகளுக்குள் உணவை ஒளிக்கும் முகர்விரிப்பும், தயிரையோ மசித்த கிழங்கையோ பூசி நக்கவிடும் வரிவரியான ரப்பர்த் தட்டும் பின்னர் வந்தவை.

இவற்றை வாங்க இயலாதவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மூன்று கொட்டாங்கச்சிகளை விளிம்பு தேய்த்துக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் கோழித் துணுக்கை மறைத்து, எதன் கீழ் இருக்கிறது என்று முகர்ந்து கண்டுபிடிக்கச் சொல்லலாம். பழைய துண்டை விரித்து, உணவு மணிகளைத் தூவி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கொடுக்கலாம். மொட்டை மாடியில் ஒரு மூலையில் ஒரு பிடி உணவைத் தூவிவிட்டுத் தேடவிடலாம். கத்திரி வெயிலில், ரப்பர்க் கூம்பில் தயிர்சாதத்தை அடைத்து உறையவைத்துக் கொடுத்தால், அது வேலையும் ஆகும், குளிர்ச்சியும் ஆகும். உணவு மிச்சம் ஒட்டியிருக்கும் பொம்மையைக் கூடத்தில் விட்டால் எறும்பு மொய்த்து, அடுத்த தடவை நாயின் மூக்கைப் பதம் பார்க்கும்; தின்று முடிந்ததும் கழுவி எடுத்துவைத்துவிடவேண்டும்.

புதிரின் கடினத்தை நிர்ணயிப்பதில்தான் அநேகர் தவறுகிறார்கள். முதல் நாளே இறுக அடைத்து, உறையவைத்துக் கொடுத்தால், நாய் நாலு தடவை நக்கிவிட்டுப் போய்விடும். யஜமானரும் 'எங்கள் நாய்க்குப் பொம்மை பிடிக்காது' என்று தீர்மானித்து, பரணில் போட்டுவிடுவார். தட்டினால் தானே கொட்டும்படி தளர்வாக நிரப்பித் தொடங்கி, சுலபமாக வென்ற பிறகு சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். எல்லாப் பொம்மைகளையும் எப்பொழுதும் தரையில் போட்டுவைக்காமல், இரண்டொன்றை வெளியில் வைத்து மற்றவற்றை மறைத்து, முறை மாற்றிக் கொடுத்தால் பழையதும் புதிதாகும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஒரே துளையுள்ள உருண்டைப் பொம்மைகளில் நக்கும்போது காற்று வெற்றிடம் உண்டாகி நாக்கு சிக்கிக்கொள்ளக்கூடுமாதலால், இரு பக்கமும் துளையுள்ளவையே தகும். பொத்தான் கண்களும், உள்ளே கீச்சிடும் குமிழும், நூல் பிரியும் கயிறும் விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு ஆகா. டென்னிஸ் பந்தின் சொரசொரப்பு, ஓயாமல் கடித்தால் பல்லை அரம்போல் தேய்த்துவிடும்.

நம் ஊர் நாய்களுக்கு இந்தப் பொருள்கள் மிகவும் உதவும் வேளை தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் நாய்க்கு ஆறுதல் அளித்தால் அச்சம் வளரும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர் நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வோ, ஒவ்வொரு வெடி ஓசைக்கும் பின் உடனே தின்பண்டமோ விளையாட்டோ கொடுப்பது பெரும்பாலோர் அனுபவத்தில் பயனளித்தது என்று தெரிவித்தது. ஓசை முன்னே, உணவு பின்னே என்ற வரிசை மாறினால், உணவே வரப்போகும் இடிக்கு அறிவிப்பாகிவிடும். தீபாவளிக்கு வாரங்களுக்கு முன்பே, எங்கோ தூரத்தில் ஒற்றை வெடி கேட்கத் தொடங்கும் நாளிலிருந்தே இதை ஆரம்பிப்பது நலம்.

இறுதியாக, தின்பண்டத்தை நாய் மறுக்கும் சந்தர்ப்பத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். வீட்டில் ஓடிவந்து வாங்கும் ஈரலை, நெருக்கடியான தெருவில் முகத்துக்கு நேரே நீட்டினாலும் சில நாய்கள் பாராமல் நிற்கும். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்கள் புது இடத்தில் பல நாள் இவ்விதம் இருப்பதுண்டு. பண்டம் மட்டமானது என்று எண்ணி அதனினும் விலையுயர்ந்த ஒன்றைத் தேடிக் கடைக்குப் போவது அப்போது பயனற்ற முயற்சி. பயந்த பிராணிக்குப் பசி எடுப்பதில்லை. மறுப்பு என்பது, இந்த இடம் எனக்குத் தாங்கவில்லை என்று அது தெரிவிக்கும் செய்தி. பத்தடி பின்வாங்கி, தொல்லை தருவது எதுவோ அதிலிருந்து தூரத்தைக் கூட்டினால், முன்பு மறுத்த அதே துணுக்கை அது வாங்கிக்கொள்ளக்கூடும். வாங்கும் இடம் எதுவோ அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். அமைதியான இடத்திலும், பழகிய உணவையும் ஒரு நாளுக்கு மேல் மறுத்தால், கடைக்கு அல்ல, மிருக வைத்தியரிடம் போகவேண்டும்.